திறந்த ஜீப்பும் மும்பை மழையும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும்

வாகன மின்னியல்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். என் மாமனார் வைத்திருந்த 1960களின் பெட்ரோல் ஜீப் இப்போது என்னிடம் இருக்கிறது. மேலே கேன்வாஸ் கிடையாது. அதைத் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டம் மட்டும் முன் சீட்டுகளுக்குப் பின்னால் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வொர்லி சீ ஃபேஸ் வரை போய் வருவோம். சென்ற ஆண்டு ஒரு கடையில் டாஷ்போர்டுக்குக் கீழே சாதாரணக் கார் ஸ்டீரியோவும், பின்பக்கத்தில் நீள்வட்ட ஸ்பீக்கர் இரண்டும் பொருத்தித் தந்தார்கள். ஒரே மழைக்காலத்தில் ஸ்பீக்கர்கள் ஊறிக் கிழிந்தன, ஸ்டீரியோவும் நின்றுவிட்டது. நன்றாக இருந்தபோதும் வண்டி ஓடும்போது பாட்டு காதில் விழவில்லை. இப்போது 1,000 வாட் ஆம்ப்ளிஃபையர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். பாடியில் ஓட்டை போட எனக்கு மனமில்லை. மழைக்குத் தாங்கும்படி என்ன செய்யலாம்? (வாசகர், மாட்டுங்கா)

பதில்: 1,000 வாட் யோசனையை முதலில் கைவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து உண்மையாகவே 1,000 வாட் எடுக்க வேண்டுமானால் 80 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் தேவை. உங்கள் ஜீப்பின் வயதுள்ள வண்டிகளின் டைனமோ, எஞ்சின் நன்றாகச் சுழலும்போதே ஏறக்குறைய 20 முதல் 35 ஆம்பியர் வரைதான் தரும். சிக்னலில் நிற்கும்போது அதுவும் இராது. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடும் வாட் பெரும்பாலும் கணநேர உச்ச அளவாகவே இருக்கும். தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் எண் பல மடங்கு சிறியதாக இருக்கும்.

உங்களுக்குப் பாட்டு கேட்காமல் போனதற்குக் காரணம் வாட் குறைந்தது அன்று, ஸ்பீக்கர் இருந்த இடம். கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒலி கூரையிலும் கதவிலும் மோதித் திரும்பி வருகிறது. தாழ்ந்த ஒலிகள் அந்தச் சிறிய அறைக்குள் வலுவும் பெறுகின்றன. திறந்த வண்டியில் இந்த இரண்டும் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வருவது மட்டுமே நமக்கு மிஞ்சும். மற்றதெல்லாம் தெருவுக்குப் போய்விடும். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும். ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவதோ 3 டெசிபல்தான். ஆகவே ஸ்பீக்கரைக் காதிலிருந்து 80 சென்டிமீட்டரில் வைப்பதற்குப் பதிலாக 40 சென்டிமீட்டரில் வைத்தால், வாட்டை நான்கு மடங்காக்கிய பலன் ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை முடிவு செய்யலாம்.

உங்கள் வண்டியில் குழாய்ச் சட்டம் சரியான இடத்தில் நிற்பது வசதியாகப் போயிற்று. விசைப்படகுகளிலும் ஏடிவி எனப்படும், கரடுமுரடான நிலத்திலும் ஓடும் வண்டிகளிலும் குழாயில் கவ்விப் பொருத்துவதற்கென்றே உருளை வடிவக் கூட்டுக்குள் அடைத்த ஸ்பீக்கர்கள் விற்கின்றன. ஆறரை அங்குல அளவில் ஒரு ஜோடி வாங்கி, ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால் ஒன்றும் பக்கத்து சீட்டுக்குப் பின்னால் ஒன்றுமாக, காதை நோக்கிச் சற்றே கீழே சாய்த்துக் கவ்விவிடுங்கள். சாய்வு இருந்தால் முகப்பில் நீர் தேங்காது. கவ்விக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் பட்டை ஒன்றைச் சுற்றினால் பெயின்ட் உரியாது, அதிர்வும் அடங்கும். பாடியில் ஒரு துளைகூட வேண்டியதில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் ஸ்பீக்கர் வைப்பதை நான் விரும்புவதில்லை. அங்கிருந்து புறப்படும் ஒலி முழங்காலில் முட்டி நிற்கும். பாடகரின் குரலைத் தெளிவாக்கும் உயர் ஒலிகள் துணியிலும் தொடையிலுமே கரைந்து போகும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டைவிட உணர்திறன் என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பதே அது. 88 டெசிபல் ஸ்பீக்கரைவிட 91 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பாதி மின்சாரம் போதும். பழைய டைனமோவை வைத்திருப்பவருக்கு இது பெரிய சேமிப்பு.

ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு காகிதத்தில் இருக்கக் கூடாது. பாலிப்ராப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். விளிம்பு வளையம் ஸ்பஞ்சு போன்ற நுரையாக இருந்தால் வெயிலிலும் ஈரத்திலும் பொடிந்துவிடும், ரப்பரே நல்லது. வலைமூடியும் திருகுகளும் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். கடையிலேயே கூம்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். பாலிப்ராப்பிலீனில் அது முத்தாகத் திரண்டு உருண்டோடும். காகிதத்தில் சில நொடிகளில் பரவிக் கறுத்த வட்டமாகும். அனுமதி மறுக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகலாம். குர்லா சிஎஸ்டி சாலையிலும் லாமிங்டன் சாலையிலும் கடைகளுக்குப் பஞ்சமில்லை.

பெட்டியில் ஐபி 65, ஐபி 67 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் இலக்கம் தூசியைக் குறிக்கும். 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாவது இலக்கம் தண்ணீரைக் குறிக்கும். 5 என்றால் எத்திசையிலிருந்தும் பீய்ச்சும் நீரைத் தாங்கும், 6 என்றால் அதைவிட வலுவான பீய்ச்சலைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் கெடாது. 7 பெரியது என்பதால் 5, 6 ஆகியவற்றின் தகுதியும் அதில் அடக்கம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, மூழ்குவதற்கான சோதனை வேறு, பீய்ச்சலுக்கான சோதனை வேறு. ஐபி 67 மட்டும் பெற்ற ஸ்பீக்கரை சர்வீஸ் நிலையத்தில் பிரஷர் பம்பால் அடித்தால் உள்ளே நீர் போகலாம். ஓடும் வண்டியில் எதிர்மழை அறைவதால் உங்களுக்கு 65 அல்லது 66 பொருத்தமானது. கடற்கரைச் சாலையில் ஓட்டுவதால் உப்பையும் வெயிலின் புற ஊதாக் கதிரையும் தாங்கும் என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கும் கடல்சார் வகையையே கேட்டு வாங்குங்கள்.

இனி ஆம்ப்ளிஃபையர். ஒரு பக்கத்துக்கு 50 வாட் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ் டி வகை, இரண்டு சேனல் உள்ளது, போதும். பழைய கிளாஸ் ஏபி வகை வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை வெப்பமாக்கிவிடும். கிளாஸ் டி வகையில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒலிக்கே போகும். முழு வீச்சில் அது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும் என்றாலும், பாட்டு என்பது ஏற்ற இறக்கம் உடையது ஆகையால் சராசரி இழுவை மூன்று, நான்கு ஆம்பியரைத் தாண்டாது. ஹெட்லைட் எரியும்போதும் டைனமோ இதைத் தாங்கும்.

எங்கே வைப்பது? பக்கத்து சீட்டுக்கு அடியில் இருக்கும் டூல் பாக்ஸ் நல்ல இடம். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். இந்த வகை ஜீப்புகளில் பெட்ரோல் டேங்க் அங்கேதான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் மட்டுமல்ல, அதற்குப் போகும் வயர்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஆம்ப்ளிஃபையரைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்துச் சந்துகளையெல்லாம் சிலிகான் பூசி மூடுவதே பாதுகாப்பு என்று தோன்றும். மும்பையில் அதிகம் பழுதாகி வருவது அப்படி மூடிய பெட்டிகள்தான். ஒரு மணி நேரம் பாட்டு ஓடியதும் பெட்டிக்குள் காற்று சூடாகி விரிந்து, எங்காவது ஒரு நுண்ணிய வழியே வெளியேறுகிறது. அப்போது மழை கொட்டினால் பெட்டி சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. காற்று வெளியேறிய அதே வழியில் இப்போது மேலே நிற்கும் நீரைப் பெட்டி உறிஞ்சிக்கொள்கிறது. போன நீர் திரும்பி வர வழியில்லை. அடுத்த நாள் வெயிலில் அது ஆவியாகி, இரவில் சர்க்கியூட் பலகைமேல் வியர்த்து, வாரக்கணக்கில் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே நீர் எப்படியும் உள்ளே வரும் என்று வைத்துக்கொண்டு, அது வெளியேறும் வழியைச் செய்துவையுங்கள். பெட்டியின் மிகத் தாழ்ந்த மூலையில் நான்கு மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையரைத் தரையில் படுக்கவைக்காமல் இரண்டு அங்குலம் உயர்த்தி, வயர் இணைப்புகள் கீழ்நோக்கி இருக்கும்படி பக்கச் சுவரில் நிற்கவையுங்கள். வயர்கள் பெட்டிக்குள் மேலிருந்து நுழையக் கூடாது. பெட்டியைத் தாண்டிச் சற்றுக் கீழே தொங்கி, வளைந்து மேலேறி, பக்கவாட்டில் குரோமெட் எனப்படும் ரப்பர் வளையம் வழியாக நுழைய வேண்டும். வயரைத் தொடர்ந்து வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். சிலிகான் பூசத்தான் வேண்டும் என்றால் குழாயைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் அது உலரும்போது அமிலம் விடும் வகை, செம்பை அரித்துவிடும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

வயர் விஷயத்தில் ஏமாற்று அதிகம். செம்பு என்று விற்பவற்றில் பல, அலுமினியத்தின்மேல் மெல்லிய செம்புப் பூச்சு உள்ளவை. உப்புக் காற்றில் முனை வெண்பொடியாக உதிர்ந்துவிடும். நமக்கு வேண்டியது வெள்ளீயம் பூசிய செம்பு வயர். இரண்டுக்கும் வேறுபாடு காண ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் போதும். வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் தெரிந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு. வெளியே சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் தெரிந்தால் அலுமினியம். ஆம்ப்ளிஃபையருக்கு நான்கு சதுர மில்லிமீட்டரும், ஸ்பீக்கர்களுக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டரும் போதும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வயர் பழைய இரும்பு பாடியில் உரசித் தோலுரிந்தால் பேட்டரி தன் முழு வலுவையும் அதில் கொட்டிவிடும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல் கிரிம்ப் செய்து (உலோக உறைக்குள் வைத்து நசுக்கி), உள்ளே பசையுள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடச் சொல்லுங்கள். சூடு காட்டியதும் அதன் இரு முனையிலும் பசை ஒரு வளையமாகப் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இணைப்பைப் பிரித்து மறுபடி செய்யச் சொல்லலாம்.

டாஷ்போர்டில் ஸ்டீரியோ தேவையே இல்லை. புளூடூத் வசதியுள்ள ஆம்ப்ளிஃபையர்கள் இருக்கின்றன. நீர் புகாத சிறிய வால்யூம் குமிழ் ஒன்றை ஸ்டீயரிங் தண்டிலோ டாஷின் கீழ் விளிம்பிலோ கவ்விவிட்டால் வண்டியின் முகம் பழையபடியே இருக்கும். வண்டி சாவியோடு ஆம்ப்ளிஃபையரும் அணையும்படி ரிலே என்ற மின் சுவிட்ச் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் போய்வந்த அன்று ஸ்பீக்கர் முகத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள். மழை நின்ற பிறகும் உப்பு படிந்தே இருக்கும். அடுத்த ஈரத்தில் அது வேலையைத் தொடங்கும்.

கேள்வி: என்னிடம் 1950களின் மோரிஸ் மைனர் திறந்த கார் உள்ளது. புதிய ஆம்ப்ளிஃபையரை இணைக்கப் போன எலக்ட்ரீஷியன், இதில் பாசிட்டிவ் எர்த் இருக்கிறது, தொட முடியாது என்று திரும்பிவிட்டார். அப்படி என்றால் என்ன? (வாசகர், செம்பூர்)

பதில்: தொடாமல் திரும்பிய அந்த எலக்ட்ரீஷியனைப் பாராட்ட வேண்டும். இன்றைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். உங்கள் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருந்தது. இன்றைய ஆம்ப்ளிஃபையரின் உலோக உறை பெரும்பாலும் அதன் நெகட்டிவோடு சேர்ந்தது ஆகையால், அது பாடியைத் தொட்ட கணமே ஷார்ட் ஆகும். ஏரியல் வழியாகவும் போன் சார்ஜ் செய்யும் வயர் வழியாகவும்கூட இது நேரலாம்.

வழி இரண்டு உண்டு. ஒன்று, காரையே நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவது. பேட்டரி இணைப்பைத் திருப்ப வேண்டும். முனைகளின் தடிமன் வேறு என்பதால் கவ்விகளையும் மாற்ற நேரிடும். ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு வயர்களை இடம் மாற்ற வேண்டும். டைனமோவிலிருந்து டி (மின்சாரம் வெளிவரும் முனை), எஃப் (காந்தப் புலச் சுருளின் முனை) வயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வரும் வயர் முனையால் எஃப் முனையைச் சில தடவை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தால், சிறு பொறிகள் தெறித்து அதன் காந்தப் புலம் திசை மாறும். அதன்பின்பே வயர்களை மாட்டி எஞ்சினை இயக்க வேண்டும். ஆம்பியர் மீட்டர் இருந்தால் அதன் வயர்களையும் மாற்றுங்கள். எஸ்யூ நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்பில், மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடு வைத்த வகை திருப்பினால் கெடும். டயோடு இல்லாத பழைய வகை எப்படியும் ஓடும். மாற்றி முடித்ததும் பானட்டுக்குக் கீழே நெகட்டிவ் எர்த் என்று எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்து வரும் மெக்கானிக்குக்கு அது உயிர் காக்கும்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: காரின் மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றை, ஆம்ப்ளிஃபையரோடு சேர்த்து பாடியைத் தொடாத பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருப்பது நல்லது. மிதமான சத்தத்தில் ஒன்றரை மணி நேரப் பாட்டுக்குக் கவலையில்லை. வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுவிடலாம். பேட்டரியில் மூன்று மூடிகள் மட்டுமே உள்ள 6 வோல்ட் வண்டிக்காரர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

கேள்வி: எஞ்சின் வேகம் கூடக்கூட ஸ்பீக்கரில் ஒரு விசில் சத்தமும் கூடுகிறது. படபடவென்ற ஓசையும் கலந்து வருகிறது. (வாசகர், முலுண்டு)

பதில்: விசில் டைனமோவிலிருந்தோ ஆல்டர்னேட்டரிலிருந்தோ வருகிறது, படபடப்பு இக்னிஷனிலிருந்து வருகிறது. முதலில் ஆம்ப்ளிஃபையரின் எர்த் வயரைத் துருவும் பெயின்ட்டும் சுரண்டிய இரும்பில் இறுக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் தொல்லை அதோடு தீர்ந்துவிடும். ஒலி வயரும் மின்சார வயரும் ஒரே கட்டில் போயிருந்தால் பிரித்து வண்டியின் இரு பக்கமாகக் கொண்டுபோங்கள். படபடப்புக்கு ரெசிஸ்டர் வகை ஸ்பார்க் பிளக்கும் கார்பன் வயரும் மருந்து. டைனமோவின் டி முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு மைக்ரோஃபேரட் கன்டென்சர் வைக்கலாம். எஃப் முனையிலும், இக்னிஷன் காயிலின் பாயின்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) பக்கத்திலும் வைக்கக் கூடாது.

கேள்வி: திறந்த ஜீப்பில் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) வைக்கலாமா? (வாசகர், டோம்பிவிலி)

பதில்: வைக்கலாம். நின்ற வண்டியில் மட்டும் கேட்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் டயரும் எழுப்பும் ஓசை அந்தத் தாழ்ந்த ஒலிகளையே மூடிவிடுவதால், பணம் தெருவில் போகிறவர்களின் காதுக்குச் செலவாகும்.

கேள்வி: ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியை விண்டேஜாகப் பதிவு செய்ய நினைக்கிறேன். ஸ்பீக்கர் வைத்தால் பதிவு கிடைக்காது என்று ஏஜென்ட் பயமுறுத்துகிறார். (வாசகர், சயான்)

பதில்: மத்திய அரசு 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கவ்விப் பொருத்திக் கழற்றக்கூடிய ஸ்பீக்கர் இந்த மூன்றிலும் சேராது. டாஷ்போர்டை வெட்டியோ பாடியில் வட்டம் அறுத்தோ பொருத்தினால் கேள்வி எழலாம். பேரணிகளில் அசல் தன்மைக்கு மதிப்பெண் போடுபவர்களும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆய்வுக்குப் போகும் நாளில் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

விஏ பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்பதை ஏஜென்ட் சொன்னாரா என்று தெரியவில்லை. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். வாராவாரம் குடும்பத்தோடு வெளியே போக நினைப்பவர் இதை யோசித்த பிறகே விண்ணப்பிப்பது நல்லது. எந்தப் பதிவானாலும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொருந்தும்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை மாநில அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். சயான் மருத்துவமனையைக் கடக்கும்போது வால்யூம் குமிழில் கை இருக்கட்டும்.